சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை



சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். சங்ககிரி வந்ததும் எட்டிப் பாருங்கள். தட்டையான நிலத்தின் நடுவே ஒரு பெரிய பாறை மலை எழுந்து நிற்கும். அதைச் சுற்றி மதில் ஏறி ஏறிப் போவது ரயிலில் இருந்தே தெரியும். அந்த ஸ்டேஷன் பெயரோடு துர்க் என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கவனித்தீர்களா? துர்க்கம் என்றால் கோட்டை.

நான் ஆசிரியராக இருந்தபோது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு முறை அந்த மலைக்கு அழைத்துப் போனேன். பாதி வழியிலேயே பாதிப் பேருக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. எப்படியோ உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். தெற்கே திருச்செங்கோடு மலை. மேற்கே காவிரிக் கரைப் பசுமை. மற்றபடி கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேடும் பள்ளமுமாகக் காடு கழனிதான். அப்போது ஒரு மாணவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். இங்கே நின்றால் எல்லாமே தெரிகிறதே, இந்த வெட்டவெளியில் தீரன் சின்னமலை எங்கே ஒளிந்துகொண்டு அத்தனை வருஷம் வெள்ளைக்காரர்களோடு சண்டை போட்டார் என்பதுதான் அவள் கேள்வி.

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. இறங்கி வந்தபிறகு பல நாள் யோசித்தேன். அந்தப் பதிலைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதற்கு முதலில் சின்னமலையின் கதை தெரிய வேண்டும்.

பெயர் வந்த விதம்

இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம் இருக்கிறது. திமில் பெருத்த காளைகளுக்குப் பெயர் போன ஊர். அதன் அருகே மேலப்பாளையம் என்ற சிற்றூரில் 1756ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அப்பா பெயர் ரத்தினம். அம்மா பெரியாத்தா. பிள்ளைக்குத் தீர்த்தகிரி என்று பெயர் வைத்தார்கள். அது பழையகோட்டைப் பட்டக்காரர் மரபில் வந்த குடும்பம். தீர்த்தகிரி தம்பிகளோடு சேர்ந்து சிலம்பம், வாள்வீச்சு, வில்வித்தை, குதிரையேற்றம் எல்லாம் கற்றார்.

அந்தக் காலத்தில் கொங்கு நாடு மைசூர் அரசின் கீழ் இருந்தது. அங்கே ஆட்சியை நடத்தியவர் ஹைதர் அலி. ஊர் ஊராக வரி வசூலித்து, மூட்டை கட்டி, மைசூருக்குக் கொண்டு போவார்கள். ஒரு நாள் அப்படிப் போன ஆட்களை இளைஞரான தீர்த்தகிரி வழிமறித்தார். பணத்தைப் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். எங்கள் தலைவர் கேட்டால் என்ன சொல்வது என்று புலம்பினார்கள். சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் உள்ள ஒரு சின்னமலை பறித்துக்கொண்டது என்று போய்ச் சொல்லுங்கள் என்றாராம் தீர்த்தகிரி.

வரைபடத்தில் தேடினால் அப்படி ஒரு மலை கிடைக்காது! அந்த மலை அவர்தான். அன்றிலிருந்து தீர்த்தகிரி என்ற பெயர் மறைந்து சின்னமலை என்ற பெயர் நிலைத்துவிட்டது. தீரன் என்றால் அஞ்சாதவன்.

இது ஊரார் வாய்வழியாகச் சொல்லி வரும் கதை. சின்னமலையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படிப் பாட்டாகவும் கதையாகவும் வந்ததுதான். எழுதி வைக்கும் வேலை கம்பெனிக்காரர்களிடம் இருந்தது. தங்களை எதிர்த்தவரைப் பற்றி அவர்கள் விரிவாக எழுதுவார்களா என்ன?

எதிரி மாறினார்

இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கை தூக்குவார். மைசூர் வரியைப் பறித்தவர், பிறகு ஏன் மைசூர் மன்னர் திப்பு சுல்தானோடு சேர்ந்தார் என்று கேட்பார்கள்.

வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் பங்காளிகளைப் பார்த்திருப்பீர்கள். ஊரில் ஒரு கூரை தீப்பிடித்தால் அவர்களே ஒன்றாகக் குடம் தூக்கிக்கொண்டு ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் இதுவும். 1782ஆம் ஆண்டு டிசம்பரில் ஹைதர் அலி இறந்தார். மகன் திப்பு அரியணை ஏறினார். அதற்குள் கிழக்கிந்தியக் கம்பெனி என்ற தீ வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வியாபாரம் செய்ய வந்த கம்பெனி, படை வைத்து, கோட்டை பிடித்து, வரியும் கேட்க ஆரம்பித்திருந்தது.

1792ஆம் ஆண்டில் கம்பெனிப் படையிடம் திப்பு தோற்றார். தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. தன் மகன்கள் இருவரைப் பிணையாகவும் அனுப்ப நேர்ந்தது. அப்போது கம்பெனிக்குப் போன பகுதிகளில் நம் சேலமும் ஒன்று. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் எல்லாம் அதோடு போயின. ஆனால் காவிரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஈரோடும் காங்கேயமும் திப்புவிடமே இருந்தன.

யோசித்துப் பாருங்கள். இன்று பள்ளிபாளையத்தில் டவுன் பஸ் ஏறினால் பாலத்தைத் தாண்டி ஈரோடு. அன்றைக்கு அந்த ஆற்றின் ஒரு கரையில் கம்பெனி ஆட்சி, மறு கரையில் திப்பு ஆட்சி. ஏழு ஆண்டுகள் காவிரிதான் எல்லைக்கோடு. சங்ககிரிக் கோட்டை மீது நின்ற கம்பெனிச் சிப்பாய்கள் மேற்கே பார்த்தபடி காவல் காத்தார்கள். அந்தப் பக்கத்தில் சின்னமலை கொங்கு இளைஞர்களைத் திரட்டி, பயிற்சி கொடுத்து, திப்புவின் படைக்குத் துணையாக அழைத்துப் போனார்.

காபூலுக்குப் போன கடிதம்

திப்பு தனியாகப் போராட விரும்பவில்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் உதவி கேட்டார். அது போதாதென்று வெகு தூரத்தில் இருந்த ஒருவருக்கும் தூது அனுப்பினார். அவர் ஆப்கானிஸ்தானின் அரசர் ஜமான் ஷா. அவர் வடக்கிலிருந்து வரட்டும், நான் தெற்கிலிருந்து வருகிறேன், நடுவில் கம்பெனி மாட்டிக்கொள்ளும் என்பது திப்புவின் கணக்கு.

ஜமான் ஷா உண்மையிலேயே படையோடு லாகூர் வரை வந்தார். கல்கத்தாவில் இருந்த கம்பெனி அதிகாரிகளுக்குத் தூக்கம் போயிற்று. (பஞ்சாப் மக்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். நமக்கு உதவியாகத் தோன்றியவர் அவர்களுக்குப் படையெடுத்து வந்தவர். சரித்திரத்தில் இப்படி அடிக்கடி நடக்கும்.) ஆனால் அவருடைய நாட்டுக்கு மேற்கே பாரசீகத்தின் பக்கமிருந்து ஆபத்து வந்தது. அதைத் தூண்டிவிட்டதில் கம்பெனிக்கும் பங்கு உண்டு. 1799ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜமான் ஷா திரும்பிப் போய்விட்டார். லாகூருக்கும் ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கும் நடுவே 2,000 கிலோமீட்டருக்கும் மேல். ரயில் கிடையாது, போன் கிடையாது. கூட்டாளி திரும்பிவிட்டார் என்ற செய்தி வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகும்.

அதே ஆண்டு மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டினம் கோட்டை விழுந்தது. திப்பு போர்க்களத்திலேயே உயிர்விட்டார். காவிரிக்கு அந்தப் பக்கமும் கம்பெனி வசமாயிற்று.

ஓடாநிலை

சின்னமலைக்கு அப்போது 43 வயது. மைசூரிலிருந்து திரும்பி வந்தார். பேசாமல் வரியைக் கட்டிவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். பலர் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பிள்ளை குட்டிக்காரர்கள்.

சின்னமலை அரச்சலூர் அருகே ஒரு கோட்டையைக் கட்டினார். அதன் பெயர் ஓடாநிலை. கொல்லர்கள் வாளும் வேலும் அடித்தார்கள். பீரங்கிகளும் செய்தார்கள் என்பார்கள்.

அவர் தனி ஆளாகவும் இருக்கவில்லை. திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சி கோபால நாயக்கர், சிவகங்கை மருது சகோதரர்கள், கேரளத்தின் பழசிராஜா, மைசூர்ப் பக்கத்தில் தூந்தாஜி வாக் எனப் பலரும் அப்போது கம்பெனியை எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கைகோத்து 1800ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி கோயம்புத்தூரில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்கத் திட்டம் போட்டார்கள். திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டுவிட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

அதன்பிறகு ஒவ்வொருவராக விழுந்தார்கள். கட்டபொம்மன் முந்தைய ஆண்டே, 1799 அக்டோபரில், கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டுவிட்டார். தூந்தாஜி வாக் 1800 செப்டம்பரில் போரில் இறந்தார். கோபால நாயக்கர் 1801இல் தூக்கில் ஏறினார். மருது சகோதரர்கள் அதே ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி. ஊமைத்துரை நவம்பரில். 1801 டிசம்பர் முதல் தேதி கம்பெனி ஓர் உத்தரவு போட்டது. பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்க வேண்டும். யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. வேல்கம்பு வைத்திருந்தால்கூடக் குற்றம்!

இதற்குப் பிறகும் சின்னமலை நின்றார் என்பதுதான் வியப்பு. 1801இல் காவிரிக் கரையில், 1802இல் ஓடாநிலையில், 1804இல் அரச்சலூரில் கம்பெனிப் படையை விரட்டினார் என்று கொங்கு நாட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

செருப்புக்குள் ஓர் ஓலை

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன்.

கேரளத்துப் பழசிராஜாவுக்கு வயநாட்டுக் காடு இருந்தது. மருதுவுக்குக் காளையார்கோவில் காடு இருந்தது. சின்னமலை நின்ற இடத்தில் கம்பும் சோளமும் விளையும் மேட்டுக்காடும், கற்றாழை வேலியும்தான். ஒரு குதிரை ஓடினால் நான்கு ஊருக்குப் புழுதி தெரியும். அங்கே ஒருவர் ஒளிய வேண்டும் என்றால் மனிதர்களுக்குள்தான் ஒளிய வேண்டும். சோறு போட்டவர்கள், வழி சொன்னவர்கள், வழி கேட்ட சிப்பாய்க்குத் தெரியாது என்று கை விரித்தவர்கள், இவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அவருடைய காடு.

அப்படிப்பட்டவர்களில் ஒருவர் பொல்லான். தோல் வேலை தெரிந்தவர், செருப்புத் தைப்பவர். கம்பெனிப் படை முகாமுக்குள் போய்வரும் அவர் அங்கே கேட்டதையும் பார்த்ததையும் ஓலையில் எழுதி, செருப்பின் தோலுக்குள் வைத்துத் தைத்து, சின்னமலைக்கு அனுப்புவாராம். காவல்காரர்கள் மூட்டையைப் பிரிப்பார்கள், மடியைத் தடவுவார்கள். செருப்பை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

1805ஆம் ஆண்டு கம்பெனி பெரிய பீரங்கிகளோடு ஓடாநிலைக்குப் படை அனுப்பியது. கோட்டையைச் சுற்றி வளைத்தார்கள். உள்ளே நுழைந்தால், ஆளே இல்லை! செருப்பு ஓலை முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஓடாநிலை என்று பெயர் வைத்தவரே ஓடிவிட்டாரே என்று சிரிக்காதீர்கள். கோட்டைக்குள் இருந்திருந்தால் சண்டை அன்றோடு முடிந்திருக்கும். காலிக் கோட்டையில் கிடந்த ஒரு செருப்பைச் சிப்பாய்கள் கிழித்துப் பார்க்க, ரகசியம் வெளிப்பட்டது என்கிறது கதை. பொல்லானைப் பிடித்து அரச்சலூர் அருகே நல்லமங்காபாளையத்தில் சுட்டுக் கொன்றார்கள். ஆடி மாதம் முதல் நாளில் அவருடைய நினைவைப் போற்றுகிறார்கள். என் பள்ளிப் பருவத்தில் பாடப் புத்தகத்தில் அவர் பெயரே இல்லை.

ஓடாநிலைக் கோட்டையைக் கம்பெனி தரைமட்டமாக்கியது. சின்னமலையும் தம்பிகளும் பழனிப் பக்கத்துக் கருமலைக்குப் போய் மறைந்திருந்தார்கள். அங்கேதான் அந்த மனிதக் காட்டில் ஒரே ஒரு மரம் சாய்ந்தது. அவர்களுக்குச் சமைத்துப் போட்ட ஆளே பணத்துக்கு ஆசைப்பட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டான். அவன் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. நான் இங்கே எழுதப் போவதில்லை. அதே பெயருள்ள பையன் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம், பாவம் அவன் என்ன செய்வான்!

ஜமான் ஷாவுக்கு என்ன ஆயிற்று?

திப்பு கடிதம் எழுதிய காபூல் அரசரை மறந்துவிட்டோமே. அவர் கதையும் கிட்டத்தட்ட இதே காலத்தில், இதே மாதிரிதான் முடிந்தது. ஊர் திரும்பியவரை அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரரே எதிர்த்து வென்றார். ஜமான் ஷா ஓடிப்போய் மலைப் பாதையில் ஒருவருடைய கோட்டையில் அடைக்கலம் கேட்டார். விருந்து வைத்த அந்த ஆளே காட்டிக்கொடுத்தார். பிடிபடுவதற்கு முன் தன்னிடம் இருந்த கோகினூர் வைரத்தை அந்தக் கோட்டைச் சுவருக்குள் ஒளித்து வைத்தாராம். அவருடைய கண்பார்வையைப் பறித்துவிட்டார்கள். கடைசியில் எந்தக் கம்பெனியை நடுங்க வைத்தாரோ அதே கம்பெனி கொடுத்த உதவித்தொகையில் லூதியானாவில் காலம் தள்ளினார்.

ஆனால் ஆப்கானிஸ்தான் கதை அவரோடு முடியவில்லை. சின்னமலை இறந்து 34 ஆண்டுகள் ஆனபின், 1839இல், கம்பெனிப் படை காபூலுக்குள் நுழைந்தது. ஜமான் ஷாவின் தம்பி ஷா ஷுஜாவைத் தங்களுக்கு வேண்டியவராக அரியணையில் உட்கார வைத்தது. கோட்டைகள் சுலபமாகவே கிடைத்தன. வேலை முடிந்தது என்று நினைத்து அதிகாரிகள் கிரிக்கெட் ஆடினார்கள், குடும்பத்தை வரவழைத்தார்கள். மக்கள் சும்மா இருந்தார்கள். 1841 நவம்பரில் ஊரே எழுந்தது.

1842 ஜனவரி 6ஆம் தேதி கம்பெனிப் படை காபூலை விட்டுப் புறப்பட்டது. ஏறக்குறைய 4,500 சிப்பாய்கள். அவர்களோடு வேலைக்காரர்கள், குடும்பத்தார் என்று 12,000 பேர். நம்மூர் வெயிலைப் போல வட இந்தியச் சமவெளியின் வெயில் மட்டுமே தெரிந்த இந்தியச் சிப்பாய்கள்தான் அதில் அதிகம். முழங்கால் பனி. இருபுறமும் மலை. மலை மீது துப்பாக்கிகள். 13ஆம் தேதி ஜலாலாபாத் கோட்டைக் காவலர்கள் தூரத்தில் ஒரே ஒரு குதிரையைப் பார்த்தார்கள். அதன் மேல் காயங்களோடு டாக்டர் பிரைடன். கைதானவர்களும் பின்னால் தப்பி வந்த சிலரும் போக, மற்றவர்கள் வழியிலேயே முடிந்துபோனார்கள்.

அதே ஆண்டு கம்பெனி திரும்பிப் போய்க் காபூல் கடைவீதியைக் கொளுத்திப் பழி தீர்த்துக்கொண்டது. பிறகு ஊரைக் காலி செய்தது. தாங்கள் இறக்கிவிட்ட பழைய அமீர் தோஸ்த் முகமதுவையே மறுபடி ஆள விட்டது. அவ்வளவு பேர் செத்தது எதற்கு என்று அந்தச் சிப்பாய்களின் வீட்டார் கேட்டிருப்பார்கள். கடைவீதி எரிந்த வியாபாரிகளும் கேட்டிருப்பார்கள். பிற்காலத்தில் 1979இல் சோவியத் படையும் 2001இல் அமெரிக்கப் படையும் அதே நாட்டுக்குள் சீக்கிரமாக நுழைந்தன. சோவியத் படை 1989இலும் அமெரிக்கப் படை 2021இலும் வெளியேறின.

ஆப்கானியருக்கு இந்துகுஷ் மலை துணை நின்றது. பனி துணை நின்றது. சின்னமலைக்கு அப்படி எதுவும் இல்லை. சென்னிமலையில் ஏற அரை மணி நேரம் போதும். ஒளிந்துகொள்ள மலையே இல்லாத நாட்டில் ஐந்து ஆண்டுகள் ஒருவரை மக்கள் மறைத்து வைத்திருந்தார்களே, அதைத்தான் அன்று மலை உச்சியில் அந்த மாணவியிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆடிப் பதினெட்டு

பிடிபட்ட சின்னமலையையும் தம்பிகளையும் சங்ககிரிக்குக் கொண்டு வந்தார்கள். கம்பெனி ஆட்சியை ஏற்று வரி கட்டினால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள் என்றும், அவர் மறுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். 1805 ஜூலை 31ஆம் தேதி மலைக்கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அவருக்கு வயது 49.

அன்று ஆடி மாதம் 18ஆம் தேதி. இப்போது ஆடிப்பெருக்கு ஆகஸ்டு 2 அல்லது 3ஆம் தேதி அல்லவா வருகிறது என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பீர்கள். நம் தமிழ் ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சில நிமிடங்கள் நீளம். அதனால் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போகும். 200 ஆண்டுகளில் மூன்று நாள். கணக்கு சரிதானா என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அவர் நினைவாக 2005ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி தபால் தலை வெளியிட்டார்கள். ஓடாநிலையில் மணிமண்டபம் இருக்கிறது. ஆனால் அவர் கட்டிய கோட்டை இல்லை. அவரைத் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டை மட்டும் மதில்களோடு அப்படியே நிற்கிறது.

ஒவ்வோர் ஆடிப் பதினெட்டு அன்றும் பள்ளிபாளையத்திலும் பவானியிலும் பெண்கள் காவிரிக்கு விளக்கு விட்டுக்கொண்டிருக்கும்போது, சங்ககிரியில் மாலைகளோடு கூட்டம் நிற்கும். நீங்கள் போவதாக இருந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு, வெயில் ஏறுவதற்கு முன்பே மலை ஏறிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். உச்சியில் நின்று மேற்கே திரும்பினால், காவிரி எங்கே ஓடுகிறது என்பதை அந்தப் பச்சைக் கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.